எஸ்.பி.எம். முடிந்தது, அடுத்து எங்கே? எங்கள் வீட்டில் பார்த்த மூன்று படிப்புகள்

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு, பட்டப்படிப்புக்கு முன்னால் நாங்கள் பார்த்த மூன்று வழிகள் இவை: அரசின் மெட்ரிகுலேசன் கல்லூரி, பள்ளிப் படிப்பின் தொடர்ச்சியான ஆறாம் படிவம், தனியார் பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்ரிகுலேசன் கிடைத்தால், பிள்ளைக்கு அறிவியல் பிடிக்கும் என்றால், யோசிக்காமல் அனுப்புங்கள். கிடைக்கவில்லையென்றால் தனியார் கல்லூரிக்குக் கடன் தேடி ஓடுவதற்கு முன்னால் ஆறாம் படிவத்தை நிதானமாகப் பாருங்கள். தனியார் ஃபவுண்டேஷன் கெட்ட படிப்பு இல்லை. ஆனால் அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டு பணம் கட்ட வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இந்த மூன்றும் எங்கள் வீட்டிலேயே நடந்தவை. நான் ஆறாம் படிவம் போய், அதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி, பயோமெடிக்கல் படித்து, இப்போது ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். தம்பி மெட்ரிகுலேசன். சித்தி மகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஃபவுண்டேஷன். அப்பாவும் அம்மாவும் ஐந்தாம் படிவத்தைத் தாண்டாதவர்கள். பாரம் நிரப்புவதிலிருந்து விடுதிக்குப் பெட்டி கட்டுவது வரை எல்லாவற்றிலும் நான் கூடவே இருந்திருக்கிறேன்.

ஆறாம் படிவத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஆட்களிடம் இதற்குத்தான் கெட்ட பெயர் அதிகம். "வேற எதுவும் கிடைக்கலையா, ஃபார்ம் சிக்ஸா?" என்று கேட்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அந்தக் கேள்வி பிள்ளையின் காதில் விழுந்தால் அது வகுப்புக்குப் போவதற்கு முன்பே சோர்ந்துவிடும். எஸ்.டி.பி.எம். மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் தேர்வு. சான்றிதழை உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம், சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று எங்கே நீட்டினாலும் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை இடங்களுக்குப் போகக்கூடிய ஒரு சான்றிதழுக்கு மாதக் கட்டணம் என்று எதுவும் இல்லை. பஸ் காசு, மேற்கோள் நூல்கள், தேவைப்பட்டால் டியூஷன், எங்கள் வீட்டுச் செலவு அவ்வளவுதான். நான் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனேன்.

படிப்பு ஒன்றரை ஆண்டு, மூன்று செமஸ்டர். 2012க்கு முன்னால் இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டியிருந்தது. எஸ்.டி.பி.எம். என்றாலே மூத்தவர்கள் பயப்படுவது அந்தக் காலத்து நினைவால்தான். இப்போது ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனிப் பாடம், தனித் தேர்வு. உயிரியலில் முதல் செமஸ்டர் மூலக்கூறுகளும் வளர்சிதை மாற்றமும், இரண்டாவது உடலியல், மூன்றாவது சூழலியலும் மரபியலும். கணிதத்தில் இயற்கணிதம், அப்புறம் நுண்கணிதம், அப்புறம் புள்ளியியல். இயற்பியலில் இயக்கவியல் முடிந்து மின்சாரம், அது முடிந்து அலைகளும் ஒளியும். ஒரு பகுதியை எழுதி முடித்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததில் இறங்கலாம். ஆனால் நேரம் குறைவு. செமஸ்டர் தொடங்கி மூச்சுவிடுவதற்குள் தேர்வு வந்து நிற்கும். ஐந்தாம் படிவத்தில் கடைசி இரண்டு மாதம் படித்து ஏ வாங்கிப் பழகிய பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கடினமாகத்தான் இருக்கும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம், மறுபடி எழுதும் வாய்ப்பு. முதல் செமஸ்டரிலோ இரண்டாவதிலோ மதிப்பெண் குறைந்தால் அந்தத் தாளைக் கடைசியில் திரும்ப எழுதலாம். என்னோடு படித்த ஒரு தோழிக்கு முதல் செமஸ்டர் வேதியியல் சரியாக வரவில்லை. அழுதுகொண்டே இருந்தாள். டியூஷன் ஆசிரியர்தான் அவளை உட்காரவைத்து, மறுதேர்வுக்கு எப்போது எதைப் படிப்பது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். மறுதேர்வில் தேறி இன்று அவள் பார்மசிஸ்ட். தடுமாறும் பிள்ளைக்கு இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான்கு பாடங்கள் சேர்ந்துதான் சி.ஜி.பி.ஏ., அதாவது மொத்தத் தரப்புள்ளிச் சராசரி. அதில் ஒன்று பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடம். அறிவியல் பிள்ளைகள் இதை அலட்சியம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இயற்பியலுக்கும் இதற்கும் கணக்கில் ஒரே எடைதான். அரசமைப்பு, நாட்டு நிர்வாகம், கட்டுரை எழுதுவது என்று எல்லாமே மலாய் மொழியில். எங்கள் பள்ளியில் இந்தப் பாடத்தை எடுத்த ஆசிரியை செய்தித்தாள் வெட்டி ஒட்டிக்கொண்டு வரச் சொல்வார். அந்தப் பழக்கம் இன்று வரை எனக்கு இருக்கிறது, வேலையில் ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தாலும் கைகொடுக்கிறது. இதோடு மியுவெட் ஆங்கிலத் தேர்வு வேறு. அது எஸ்.டி.பி.எம். பாடம் இல்லை என்றாலும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அது இல்லாமல் போக முடியாது. எழுத்து, வாசிப்பு, கேட்டல், பேச்சு நான்கும் உண்டு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பேச்சில்தான் தயங்குகிறார்கள். வீட்டில் யாராவது ஒருவர் தினமும் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பழக்கினாலே வித்தியாசம் தெரியும்.

ஆறாம் படிவத்தில் எனக்குக் குறையாகப் பட்டது சூழல். நான் படித்தபோது பள்ளி வளாகத்தின் மூலையில் எங்களுக்கு இரண்டு வகுப்பறைகள். கீழே ஒன்றாம் படிவப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள், மேலே நாங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்போம். ஆய்வுக்கூடம் அவர்களுக்குப் போக மிச்ச நேரத்தில்தான் எங்களுக்கு. வேதியியல் செய்முறை பலமுறை தள்ளிப் போயிருக்கிறது. இப்போது பல இடங்களில் ஆறாம் படிவ மையங்கள் வந்துவிட்டன. மோட் 1 என்றால் ஆறாம் படிவத்துக்கென்றே தனிக் கல்லூரி. மோட் 2 என்றால் பள்ளி வளாகத்துக்குள்ளேயே தனிக் கட்டடம். மோட் 3 என்றால் பழையபடி பள்ளியோடு சேர்ந்தது. பள்ளியைத் தேர்வு செய்யும்போது இதைக் கேளுங்கள். கொஞ்சம் தூரமாக இருந்தாலும் மோட் 1 பக்கம் போவது நல்லது என்பது என் கருத்து. அங்கே எல்லாரும் ஒரே தேர்வுக்குத் தயாராகிறவர்கள், பிள்ளைக்கும் தான் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்பு வரும்.

கலைப்பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. எஸ்.டி.பி.எம்.மில் தமிழ் ஒரு பாடம். வரலாறு, பொருளியல், புவியியலோடு தமிழையும் எடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இலிருந்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழில் நல்ல பிடிப்புள்ள பிள்ளையை, அறிவியல்தான் உயர்ந்தது என்று இழுத்துப்போய் இயற்பியலில் உட்கார வைக்காதீர்கள். பள்ளியில் தமிழ் எடுக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியில் வார இறுதி வகுப்பு நடத்தும் ஆசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் அதற்குத் தகுந்த பாடம்.

சரி, மெட்ரிகுலேசன். தம்பி எஸ்.பி.எம். எழுதி முடித்ததும் வீட்டில் எல்லாரும் விரும்பியது இதைத்தான். காரணம் எளிது. ஓராண்டுதான், இரண்டு செமஸ்டர். விடுதி, வகுப்பு, ஆய்வுக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். நுழையும்போது சில நூறு ரிங்கிட் கட்டினோம், அப்புறம் அவனுக்கு மாதம் 250 ரிங்கிட் கணக்கில் உதவித்தொகை வந்தது. அதில் மிச்சம் பிடித்து அம்மாவுக்குத் தீபாவளிக்குச் சேலை வாங்கி வந்தான். கோப்பெங், கெப்பாலா பாத்தாஸ், பந்திங், கோலா பிலா, தங்காக், சங்லூன் என்று நாடு முழுக்கக் கல்லூரிகள் உண்டு. பொறியியல் படிக்க நினைப்பவர்களுக்குத் தனியாகப் பொறியியல் மெட்ரிகுலேசன் கல்லூரிகளும் இருக்கின்றன.

படிப்பின் நடையே வேறு. பெரிய விரிவுரை மண்டபத்தில் பாடம், அப்புறம் சின்னக் குழுவாக டுட்டோரியல், ஆய்வுக்கூடம். பல்கலைக்கழகம் எப்படி இருக்குமோ அதற்கு ஓர் ஒத்திகை மாதிரி. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில். தம்பி தமிழ்ப்பள்ளியிலிருந்து போய் இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தவன். முதல் மாதம் திணறினான், ஆனால் அந்த ஓராண்டில் ஆங்கிலத்தில் அறிவியல் எழுதக் கற்றுக்கொண்டது பல்கலைக்கழகத்தில் அவனுக்குப் பெரிய பலம். விரிவுரையாளர்கள் மாலையில்கூட அறையில் இருப்பார்களாம். சந்தேகம் கேட்டு வரும் பிள்ளையை அவர்கள் விரட்டியதே இல்லை என்பான்.

குறையும் உண்டு. அவன் கல்லூரி எது என்று சொல்லப்போவதில்லை, ஆனால் விடுதித் தண்ணீர்ப் பிரச்சினை வாரக்கணக்கில் இழுத்தது. சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு உணவகத்தில் பெரும்பாலும் சோறும் முட்டையும்தான் கிடைத்தது. நாங்கள் போகும்போதெல்லாம் பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு என்று டப்பா டப்பாவாகக் கொண்டுபோனோம். பிள்ளை முதல்முறை வீட்டை விட்டுப் போகிறது என்றால் இந்தச் சின்ன விஷயங்கள்தான் படிப்பைக் கெடுக்கும். முதல் சில வாரங்களுக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மெட்ரிகுலேசனில் பெரிய சிக்கல் உள்ளே நுழைவதுதான். பத்தில் ஒன்பது இடம் பூமிபுத்ரா, அதாவது மலாய்க்கார, பூர்வகுடி மாணவர்களுக்கு, மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் மற்ற எல்லாரும். 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள், விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் உண்டு என்று அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் பத்துப் பாடம் எடுப்பதே இல்லை. ஒன்பது பாடம் எடுத்து ஒன்பதிலும் ஏ வாங்கிய பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்து முடிவைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனதை எங்கள் உறவிலேயே பார்த்தோம். அவ்வளவு உழைத்த பிள்ளைக்கு அந்த வலி வரவே கூடாது. நான்காம் படிவத்தில் பாடம் தேர்வு செய்யும்போதே தமிழ் மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் சேர்த்தால் எத்தனை பாடம் வரும், பிள்ளையால் சுமக்க முடியுமா என்று ஆசிரியரோடு பேசிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு பேசிப் பயனில்லை.

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்.டி.பி.எம்.முக்கும் மெட்ரிகுலேசனுக்கும் கணக்கு ஒன்றுதான்: 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. இந்தப் பத்து விழுக்காட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி மாதிரிப் படிப்புகளுக்கு முழுப் புள்ளியான 4.00 வைத்திருப்பவர்களே வரிசையில் நிற்கும்போது, அந்தப் பத்தில் வரும் வித்தியாசம்தான் ஒருவரை உள்ளே அனுப்புகிறது, இன்னொருவரை வெளியே நிறுத்துகிறது. பள்ளித் திடலில் ஓடியது, கழகத்தில் செயலாளராக இருந்தது, மாநில அளவில் பேச்சுப் போட்டிக்குப் போனது, எல்லாவற்றுக்கும் சான்றிதழை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எஸ்.டி.பி.எம். மெட்ரிகுலேசனைவிடக் கடினம், இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்று பலர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தம்பியின் குறிப்பேட்டையும் என்னுடையதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். என் தாள்களில் ஆழம் அதிகம், அவன் தாள்களில் வேகம் அதிகம். இந்தக் குறையைச் சரி செய்ய வேண்டியது அமைச்சு. அதுவரை நம் பிள்ளை எந்த வழியில் போனாலும் புறப்பாடத்தில் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்.

இனி சித்தி மகளின் ஃபவுண்டேஷன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் போகும் இடம் இதுதான். ஐந்து பாடங்களில் கிரெடிட் இருந்தால் பெரும்பாலான ஃபவுண்டேஷன் படிப்புகளில் சேர்ந்துவிடலாம். ஓராண்டு. ஆசிரியர்கள் அக்கறையோடு நடத்தினார்கள், குளிரூட்டிய வகுப்பறை, நல்ல நூலகம், குழுவாகச் சேர்ந்து செய்யும் வேலைகள் நிறைய. கூச்ச சுபாவமுள்ள பெண், ஓராண்டில் மேடையேறிப் பேசும் அளவுக்கு மாறினாள். ஒரே நாள் தேர்வில் பதறுகிற, தொடர்ந்து வேலை கொடுத்தால் நன்றாகச் செய்கிற பிள்ளைகளுக்கு இது பொருத்தமான படிப்பு என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஃபவுண்டேஷன் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே போகிற வழி. அவள் வணிகத்துக்காகச் சேர்ந்தாள். பாதியில் உளவியல் படிக்க ஆசை வந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் உளவியல் இல்லை. வேறு தனியார் பல்கலைக்கழகங்களைக் கேட்டபோது, ஒன்று ஏற்கவில்லை, இன்னொன்று கூடுதல் பாடம் எடுக்கச் சொன்னது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் தனியார் ஃபவுண்டேஷனை வைத்துக்கொண்டு போவது பெரும்பாலும் நடக்காது. எஸ்.டி.பி.எம். எடுத்திருந்தால் இதே பெண் விரும்பிய இடத்தில் விண்ணப்பித்திருக்கலாம். என்ன படிக்கப் போகிறோம், எங்கே படிக்கப் போகிறோம் என்று இரண்டும் உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் ஃபவுண்டேஷன். மனம் இன்னும் ஊசலாடுகிற பிள்ளைக்கு ஆறாம் படிவம், அல்லது வசதி இருந்தால் பிரிட்டிஷ் பாடத்திட்டமான ஏ லெவல். ஏ லெவலும் உலகமெங்கும் செல்லும், ஆனால் காசும் அதற்கேற்றபடி.

கட்டணத்தைக் கேட்கும்போது ஃபவுண்டேஷன் ஆண்டின் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் மூன்று நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு காத்திருக்கிறது. மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். பதிவுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், வைப்புத்தொகை, தேர்வுக் கட்டணம், எல்லாம் தனித்தனியாக. சித்தியை ஒரு கல்விக் கண்காட்சியில் உட்காரவைத்து, "இன்றைக்கே கட்டினால்தான் சலுகை" என்று அவசரப்படுத்தினார்கள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். சித்தி கட்டாமல் எழுந்து வந்தார். அடுத்த வாரம் அதே சலுகையோடு அவர்களே அழைத்தார்கள். அந்த மேசையில் உட்காரும் ஆலோசகர் இனிமையாகப் பேசுவார், ஆனால் அவருடைய வேலை சேர்க்கைதான் என்பதை மறக்கக் கூடாது. ஓர் இரவு வீட்டில் தூங்கி எழுந்து முடிவெடுங்கள்.

இன்னொன்று, படிப்புக்கு மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு இருந்தால் போதாது, அந்தப் படிப்பின் பெயருக்கே இருக்க வேண்டும். தேடுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தனியாரில்தான் போக வேண்டும், கையில் காசும் அளவாகத்தான் இருக்கிறது என்றால், முதலில் துங்கு அப்துல் ரஹ்மான் பெயரில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களையும் பாருங்கள்: கம்பாரிலும் சுங்கை லோங்கிலும் இருக்கும் யூடார், அப்புறம் 2022இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தார் யூ.எம்.டி. பெரிய நகரத்துப் பெயர் பெற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் கையைக் கடிக்காது. பேராக் பிள்ளைகளுக்குக் கம்பார் பக்கம், ரயிலும் நிற்கிறது. வடக்கே இருப்பவர்கள் கெடாவில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்கலாம், அது ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் கல்விக் கரம் தொடங்கியது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைக்கு இந்த மூன்றுமே தேவையில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எஸ்.பி.எம். முடிவோடு விண்ணப்பித்து, ஓராண்டு ஆயத்தப் படிப்பு முடித்து அப்படியே பட்டப்படிப்புக்குப் போகலாம். நேர்காணல் கடுமையாக இருக்கும். அதற்கு இப்போதே தயார் செய்யுங்கள்.

நடைமுறையில் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். மெட்ரிகுலேசனுக்கு விண்ணப்பம் போடுங்கள், ஆறாம் படிவ இடத்தையும் விட்டுவிடாதீர்கள். மெட்ரிகுலேசன் கிடைக்கவில்லையா, மேல்முறையீடு செய்யுங்கள். செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், ஆறாம் படிவத்தில் பதிந்து முதல் நாளிலிருந்தே வகுப்புக்கு அனுப்புங்கள். முறையீடு வென்றால் அங்கே போகட்டும். வெல்லாவிட்டால் முதல் செமஸ்டரின் ஒரு பாடம்கூடப் போயிருக்காது.

என் தங்கச்சிக்கு இந்த ஆண்டு முடிவு வந்தது. அறிவியல் எடுத்தவள்தான், ஆனால் அவள் கை போவது தமிழ் இலக்கியப் புத்தகத்துக்கு. அப்பா மெட்ரிகுலேசன் பாரத்தைப் பற்றிக் கேட்டார். அவள் ஆறாம் படிவத்தில் தமிழ், வரலாறு, பொருளியல் எடுக்கிறேன் என்றாள். மோட் 1 மையம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு பஸ் மாற வேண்டும். தமிழுக்கு அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்று நானே நேரில் போய்க் கேட்டேன், இருக்கிறார். பெங்காஜியான் ஆம் புத்தகம் என்னுடையது பழசாகிவிட்டது, புதிது வாங்கிக் கொடுத்துவிட்டேன்.